சித்தப்பாவின் பேஸ் கிடாருக்கு மெழுகு வைத்த நாள்

போன வாரம் என் மகள் சமையலறைக்கு வந்து, இனிமேல் சமைக்கத் தேவைப்படாத பாத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். மெழுகு உருக்க வேண்டுமாம். பழைய பேஸ் கிடார் ஒன்றை யாரிடமிருந்தோ வாங்கி வைத்திருக்கிறாள். ஒலியைக் கூட்டினால் அது கிறீச்சிடுகிறது. பக்கத்தில் நின்று பேசினால் அந்தப் பேச்சே ஒலிபெருக்கிப் பெட்டியில் கேட்கிறது. கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பைக் கழற்றி உருகிய மெழுகில் முக்கினால் சரியாகிவிடும் என்று கைப்பேசியில் யாரோ செய்து காட்டியிருக்கிறார்.

பாத்திரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அலமாரி நிறையப் பாத்திரம் இருப்பது அவளுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பிரஷர் மாத்திரை போட்டியா இல்லையா?" என்று கேட்டாள். போட்டுவிட்டேன் என்றேன். அன்று சாயங்காலம் அவள் அறைக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அவள் யாரோடாவது பேசுகிறாளா, என்ன பேசுகிறாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டு. நாற்பத்தெட்டு வயதில் ஒரு தாய் செய்யும் வேலையா இது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நின்றேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் தாராவியில் இருந்தோம். கீழே ஓர் அறை, அதன் தலைமேல் தகரக் கூரை போட்ட இன்னோர் அறை, இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்பு ஏணி. ஏணி நுழைவதற்காக மேல் அறையின் தரையில் சதுரமாக ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். கீழே அப்பா, அம்மா, நான். மேலே சித்தப்பாவும் அவருடைய பேஸ் கிடாரும்.

சித்தப்பா பகலில் குர்லாவில் லேத் பட்டறை வேலைக்குப் போவார். சாயங்காலமானால் ஆர்கெஸ்ட்ராக்காரர். மேடையில் பாடுகிறவரைப் பார்ப்பார்கள், தபலாக்காரரைப் பார்ப்பார்கள், பேஸ் கிடார்க்காரரை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர் வாசிப்பதை நிறுத்தினால் பாட்டு நொண்டும் என்று சித்தப்பா அடிக்கடி சொல்வார். யாரும் பார்ப்பதில்லை என்ற குறை அவருக்கு இருந்ததால்தான் அடிக்கடி சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கிடார் மாட்டுங்காவில் ஓர் ஆர்கெஸ்ட்ராக்காரர் இறந்த பிறகு அவர் வீட்டிலிருந்து வாங்கியது. செத்தவர் மடியில் கிடந்த சாமான் என்று அம்மாவுக்கு அதைப் பிடிக்கவே இல்லை. வீட்டுக்குள் வந்த அன்றே அதன் கழுத்தில் திருநீறு பூசினாள். விற்றுவிட்டு வேறு வாங்கு என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்பிளிஃபயர் பெட்டி எங்கள் இடுப்புயரம். அது ஏணி ஓட்டையில் நுழையவில்லை. அதனால் பெட்டி கீழே வாசலோரமும், கிடார் மேலேயுமாக, நடுவில் ஏணியோடு சேர்த்துக் கட்டிய நீளமான ஒயர். சித்தப்பா மேலே உட்கார்ந்து வாசிப்பார். சத்தம் கீழே எங்கள் நடுவில் வந்து விழும். பக்கத்துச் சந்தில் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின் பொழுதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், மேலே மெல்லப் பேசுவது கீழே கேட்காது.

அந்த வருஷம் கணபதி பண்டிகைக்கு முன்னால் அத்தை தாணேயிலிருந்து வந்துவிட்டாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. சித்தப்பா அவளுக்கு மேல் அறையைக் கொடுத்துவிட்டுப் பட்டறையிலேயே படுத்துக்கொண்டார், சாயங்காலம் மட்டும் வந்து வாசித்துவிட்டுப் போவார். கொஞ்ச நாள் இருக்க வந்திருக்கிறாள் என்று என்னிடம் சொன்னார்கள். அவள் தோளில், கழுத்துக்குப் பக்கத்தில், ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது என்றார்கள். இஸ்திரிப் பெட்டி எப்படித் தோளில் படும் என்று கேட்டேன். அம்மா என்னிடம் குடத்தைக் கொடுத்துக் குழாயடிக்கு அனுப்பினாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் கூடினார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் போலீஸுக்குப் போவதில்லை, சங்கத்துக்குத்தான் போவார்கள். அத்தையின் கணவர், என் மாமா, இனிமேல் கைநீட்டுவதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தங்கையை அனுப்பிவைக்கிறேன் என்று அப்பா சொன்னார். அடுத்த ஞாயிறு மாமா வந்து அழைத்துக்கொண்டு போவதாக முடிவாயிற்று. அத்தை வெளியே மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லவும் வழியில்லை. மூத்த அண்ணன் சபையில் ஒரு வார்த்தை கொடுத்த பிறகு அவர் முகத்தைப் பார்த்து மறுபேச்சுப் பேசுவது எங்கள் வீட்டில் நினைத்துப் பார்க்காத காரியம்.

அந்த வாரம்தான் கிடார் கெட்டது. சனிக்கிழமை கணபதிப் பந்தலில் கச்சேரி. வாசிக்க உட்கார்ந்ததும் பெட்டி கிறீச்சென்று கத்தியது. சித்தப்பா கம்பிகளைக் கையால் அமுக்கினார். அப்போதும் கத்தியது. ஒயரில் கோளாறு என்று சொல்லிவிட்டு, பெட்டியை அணைக்காமலே டீ குடிக்கப் போய்விட்டார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு மூச்சு கேட்டது. தகர டப்பாவுக்குள் வாயை வைத்து யாரோ மூச்சு விடுவது போல. அம்மா கையை நிறுத்தினாள். பிறகு ஒரு முனகல். அதற்குப் பின்னால் சொற்கள் வந்தன. உதடும் நாக்கும் இல்லாமல் வெறும் கம்பி பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. "போவ மாட்டேன். என்னைய அனுப்பாதீங்க."

அப்பா எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தார். அதன் சிவப்பு விளக்கு மெல்ல மங்கி அவிந்தது. ஏதோ ரேடியோ ஸ்டேஷன் குறுக்கே வருகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி பேப்பரை விரித்தார். அம்மா ஏணியைப் பார்த்தாள். பிறகு அரிசியைப் பார்த்தாள்.

எனக்குச் சந்தேகமே இல்லை. மாட்டுங்காக்காரர்தான். செத்த பிறகும் கிடாருக்குள்ளேயே இருக்கிறார், அம்மா விற்கச் சொல்வது அவர் காதில் விழுந்திருக்கிறது, அதனால்தான் அனுப்பாதே என்று கெஞ்சுகிறார். எல்லாம் சரியாகப் பொருந்தியது. அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அம்மா என் நெற்றியில் திருநீறு பூசி, "யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். அவளும் பேய் என்றே நம்புகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பா குர்லாவில் இருந்தார். அம்மா ரேஷன் கடையில். யார் போட்டது என்று யோசிக்கக்கூடத் தோன்றாமல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா வேலை முடிந்து வந்து, வாசலில் கால் கழுவி, துண்டை எடுத்தார். அவர் உள்ளே வரும் வரை காத்திருந்தது போல அந்தக் குரல் வந்தது.

"அண்ணே. கேக்குதா?"

மாட்டுங்காக்காரர் ஏன் என் அப்பாவை அண்ணே என்று கூப்பிட வேண்டும்? அப்பா ஈரக் காலோடு அசையாமல் நின்றார். கேக்குதாண்ணே, என்று அது இன்னொரு முறை கேட்டது. நாலு படி ஏறினால் அவர் தலை மேல் அறையில் இருக்கும். அவர் ஏணியில் கை வைக்கவும் செய்தார். பிறகு கையை எடுத்து, பெட்டியை அணைத்தார். அன்று சித்தப்பா வந்ததும், "அந்தப் பொட்டிய சரி பண்ணுல. இல்லன்னா தூக்கி வெளிய போட்டுருவேன்" என்றார். அப்பா அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கும் பயம் என்று நினைத்தேன். அது சரிதான். எதற்குப் பயம் என்பதில்தான் பிழை.

அடுத்த நாள் சாயங்காலம் சித்தப்பா, மேடைகளுக்கு மைக் செட்டு கட்டும் ஒருவரை அழைத்து வந்தார். எல்லோருக்கும் அவர் சவுண்டு அண்ணாச்சி. ஊர்க் கதையெல்லாம் அவரிடம்தான் இருக்கும், அதையும் மைக் வைத்தது போலத்தான் சொல்வார். பேய்க் கதையை எப்படியோ என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார். "பேய்க்குப் பாட வருமான்னு கேளுட்டி. ஆர்கெஸ்ட்ராவுல ஒரு லேடி வாய்ஸ் குறையுது" என்றார். சித்தப்பா சிரித்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தை அடுப்பருகே இருந்தாள்.

அண்ணாச்சி முதலில் ஒயரை மாற்றிப் பார்த்தார். கிறீச்சல் போகவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த வேறொரு கிடாரைப் பெட்டியில் செருகினார், சுத்தமாகப் பேசியது. பெட்டியில் குற்றமில்லை, ஒயரில் குற்றமில்லை என்று வைத்தியர் போல விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே மேலே ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். கம்பிகள் அதிராதபடி ஒரு துணியை அவற்றின் இடையில் திணித்தார். பிறகு ஸ்குரூ டிரைவரின் மரப் பிடியால் கம்பிகளுக்குக் கீழே இருந்த கறுப்புப் பிக்கப்பைத் தட்டினார். கீழே பெட்டியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. டொக். டொக். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து கம்பிகளுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ஹலோ, மைக் டெஸ்டிங், என்றார். கீழே அதே கம்பிக் குரல், அவருடைய வார்த்தைகளைச் சொன்னது.

"இது இப்ப பிக்கப்பு இல்லடே, மைக்கு" என்றார் சித்தப்பாவிடம்.

அந்தப் பிக்கப்புக்குள் காந்தம் இருக்கிறது, காந்தத்தைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கிறது என்று எனக்கு விளக்கினார். மேலே கிடார்க் கம்பி அதிர்ந்தால் மட்டும்தான் அது உணர வேண்டும். காற்றில் வரும் பேச்சு அதற்குக் கேட்கக் கூடாது. வயதாகி உள்ளே சுற்று தளர்ந்துவிட்டால், பக்கத்தில் யார் பேசினாலும் அந்தச் சுற்று தானே நடுங்க ஆரம்பித்துவிடும். அதைத்தான் பெட்டி சொல்கிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. அப்படியென்றால் அன்றைக்குப் பேசியது யார்? அதை நான் கேட்டேன். அண்ணாச்சி சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மும்முரமாக ஸ்குரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பிக்கப்பைக் கீழே கொண்டுவந்தார்கள். இரண்டு ஒயர்கள் தொங்க, அது மேசைமேல் ஏதோ பூச்சி போலக் கிடந்தது. அடியில் வைத்திருந்த ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அண்ணாச்சி மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். முள் பாதி தூரம் வந்து நின்றது. "உயிரு இருக்கு" என்றார். சுற்று எங்கும் அறுந்துபோகவில்லை, தளர்ந்துதான் போயிருக்கிறது. மெழுகு காய்ச்சி அதில் போட்டால், மெழுகு உள்ளே புகுந்து இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகு சுற்று அசையாது.

மெழுகு உருக்கும் வேலை அத்தைக்கு வந்தது, அவள்தான் அடுப்பருகே இருந்தாள் என்பதால். மெழுகை நேரே தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும் என்று அண்ணாச்சி சொன்னார். அத்தை இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் ஒரு எவர்சில்வர் டம்ளரை இறக்கி, கரண்டு போகிற நாளுக்காக வைத்திருந்த மெழுகுவர்த்திகளை ஒடித்துப் போட்டாள். திரிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மெழுகு தண்ணீர் போலத் தெளிந்ததும் அண்ணாச்சி பிக்கப்பை ஒயரைப் பிடித்து உள்ளே இறக்கி, அத்தையிடம் கொடுத்தார். ஆடாமல் பிடிக்க வேண்டும், சூடு ஏறினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்றார்.

அத்தை பிடித்துக்கொண்டிருந்தாள். மெழுகுக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் வரத் தொடங்கின. உள்ளே இருக்கிற காற்று வெளியே வருகிறது, குமிழி நின்றால் வேலை முடிந்தது என்றார் அண்ணாச்சி. நான் டம்ளருக்கு மேலே குனிந்து பார்த்தேன். முதலில் கொத்துக் கொத்தாக வந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லாமல் இருந்து, முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொன்று. தண்ணீருக்குள் ஒருவரை அமுக்கிப் பிடித்திருப்பது போல இருந்தது. நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அத்தை கையை அசைக்கவில்லை.

"அண்ணாச்சி, இனிமே இதுகிட்ட பேசினா கீழ கேக்காதா?" என்று கேட்டாள்.

அவள் வந்த நாளிலிருந்து ஆண்கள் இருக்கும்போது அவள் குரல் எழும்பியது அதுதான் முதல் தடவை. மாட்டுங்காக்காரரின் கதை என்னுடைய தலைக்குள்ளேதான் இருந்தது என்பதும், அந்த அறையில் மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பதும் அந்தக் கேள்வியிலேயே இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.

"கத்தினாலும் கேக்காது தங்கச்சி" என்றார் அண்ணாச்சி, தன் வேலையின் பெருமையில். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது. அப்பா பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். அப்பா படித்து முடித்த பக்கத்தையே திருப்பி முன்னால் கொண்டுவந்ததை நான் பார்த்தேன்.

மெழுகு ஆறி இறுகியதும் துடைத்து, ஒயர்களை ஈயத்தால் பற்றவைத்து, திரும்பவும் பொருத்தினார்கள். பெட்டியைப் போட்டார்கள். அண்ணாச்சி மேலே போய்க் கத்தினார். ஏணி ஓட்டை வழியாக அவருடைய சொந்தக் குரல் வந்ததே தவிர, பெட்டி வாய் திறக்கவில்லை. சித்தப்பா ஒரு கம்பியைத் தட்டினார். தரையில் வைத்திருந்த தட்டுகள் அதிர, திடமாக, சுத்தமாக ஒலித்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அம்மா டீ போட்டாள்.

அப்போது அத்தை, யாரும் சொல்லாமலே, மேலே ஏறினாள். நான் ஏணிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கிடாருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, உதடு கம்பியில் படும் அளவுக்குக் குனிந்து, அவள் பேசினாள். சின்னச் சொல் இல்லை, நீளமாக. நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும். மெஷின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீழே பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா டீ டம்ளரோடு பெட்டிக்கு எதிரே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு சத்தமும் போடவில்லை. அத்தை நிமிர்ந்து, ஓட்டை வழியாகக் கீழே பார்த்தாள். "சரியாயிருச்சு" என்றார் அப்பா, யாரிடம் என்று தெரியவில்லை.

சனிக்கிழமைக் கச்சேரி நன்றாக நடந்தது. சித்தப்பாவைச் சிலர் மேடைக்குப் பின்னால் வந்து பாராட்டினார்கள். அத்தை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா பூவும் இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். கோபித்துக்கொண்டு வந்த பெண் திரும்பிப் போகும்போது பிறந்த வீட்டிலிருந்து ஒரு குழந்தையைத் துணைக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். விருந்தாளிக் குழந்தை வீட்டில் இருக்கும் இரண்டு நாளைக்கு யாரும் சத்தம் போட மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. கணபதிக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை, அதனால் என்னை அனுப்பினார்கள். புதுப் பாவாடை போட்டுக்கொண்டு போனேன்.

சயான் ஸ்டேஷனில் மாமா ஆண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்குப் போனார், நானும் அத்தையும் லேடீஸ் பெட்டிக்கு. தாணேயையும் தாண்டிக் கல்யாண் போகும் வண்டி ஒன்று காலியாக வந்தது. அத்தை ஏறவில்லை. அதற்குப் பின்னால் வந்ததிலும் ஏறவில்லை. மாமா தூரத்திலிருந்து கையை ஆட்டிச் சத்தம் போட்டார். தாணேயோடு நின்றுவிடும் வண்டி வந்தபோதுதான் ஏறினாள். என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

முலுண்ட் நெருங்கும்போது அத்தை என் பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள். "இதுக்கு அடுத்தது தாணே. வண்டி அங்கயே நின்னுரும், எங்கயும் போவாது. எல்லாரும் இறங்கின பொறவு மெல்ல இறங்கு. மாமா தேடி வருவாவ" என்றாள். நீங்க, என்று கேட்டேன். அவள் என் தலையில் கை வைத்தாள். வண்டி நின்றது. பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவசரப்படவில்லை. வண்டி அவளைக் கடந்து போனபோது நான் கையசைத்தேன்.

தாணேயில் மாமா வந்து எனக்குப் பின்னால் காலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அத்தை முலுண்டில் இறங்கிவிட்டாள் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. அந்த விரல்களின் அடையாளம் இரண்டு நாள் என் மணிக்கட்டில் இருந்தது. அதை அப்பா பார்த்தார்.

தேடினார்கள். சங்கம் கூடியது, இந்த முறை போலீஸுக்கும் போனார்கள். சூரத்தில் பார்த்ததாக ஒருவர், நாசிக்கில் ஒரு மடத்தில் என்று இன்னொருவர். இன்றுவரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சில சாயங்காலங்களில் சித்தப்பா வருவதற்கு முன்னால் அப்பா பெட்டியைப் போட்டு, அதன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். மேலே யாரும் இல்லை. அப்பாவுக்கும் பாட்டு மேல் ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது அவளை முதன்முறையாக ரயிலில் தனியே அனுப்ப வேண்டி வந்தது. எந்த வண்டி எங்கே நின்றுவிடும், எதில் ஏறினால் தூங்கிப்போனாலும் ஊர் தாண்டிப் போக மாட்டாள் என்று முந்தின நாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று குர்லாவிலேயே அத்தை இறங்கியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில்கூட அந்த ஸ்டேஷனில் யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. வண்டி அங்கே நின்றபோது அத்தை எழுந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கூட்டம் உள்ளே ஏறியது, அவள் மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் எழுந்துவிட்டாளே, ஜன்னலோர இடத்தை விட்டுவிட்டு நானும் எழ வேண்டியிருக்குமோ என்பதுதான் அப்போது என் கவலை.